காத்திருத்தலும் கைகட்டியிருத்தலும்

துன்புறுவோரை நோக்கி, 'பொறுத்திருங்கள். ஆண்டவர் விடுவிப்பார்' என்று கூறப்படும்போது, அஃது ஆதிக்கக்காரனுக்குத் துணைபோகும் உபதேசம் என்றே நாம் ஐயுறுகின்றோம். அவ்வையம் காரணமற்றதன்று. 1807ஆம் ஆண்டில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென இலண்டனில் ஒரு வேதாகமம் தனியே அச்சிடப்பட்டது. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை அதில் உண்டு. எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் அறிவுரையும் உண்டு. எகிப்தின் அடிமைகள் விடுதலை பெற்று வெளியேறிய வரலாறோ இல்லை! பத்துக் கட்டளைகளை வைத்துக்கொண்டு, அவற்றைப் பெற்ற மக்கள் அவ்விடத்துக்கு எவ்வாறு வந்தனர் என்பதைப் பதிப்பித்தோர் அகற்றிவிட்டனர்.

அவர்களுடைய அச்சம் வீணானதன்று. அமெரிக்கத் தென்மாநிலங்களில், எசமானரின் கண்காணிப்பில் நடந்த ஆராதனைக்குப் புறம்பாக, அடிமைகள் இரவிலே காட்டுக்குள் மறைவாகக் கூடினர். கவிழ்த்து வைத்த பானை குரலை அடக்கிவிடும் என நம்பிச் செபித்ததாக, அடிமைத்தளையிற் பிறந்தோர் பலர் முதுமையிலே கூறியுள்ளனர். எகிப்தின் கதை அங்கே வாய்மொழியாகவும் பாட்டாகவும் வழங்கியது.

1862 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, கறுப்பின மக்கள் தேவாலயங்களிலும் மறைவிடங்களிலும் விழித்திருந்தனர். மறுநாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரவிருந்தது. அன்று அவர்கள் எதிர்பார்த்திருந்தது மறுமையை மட்டுமா? நாளும் ஆண்டும் குறித்த, இம்மண்ணின் மாற்றமொன்றையும் எதிர்பார்த்தே அவர்கள் முழந்தாளிட்டனர். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,80,000 கறுப்பினத்தார் வடபுலப் படையிற் சேர்ந்து போரிட்டனர்.

1844இல் மதத்தை அபினியோடு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே பந்தியில் அதனைத் துன்பத்துக்கெதிரான குரலாகவும் கண்டார். எம்மவர் முன்னதை மனப்பாடம் செய்து பின்னதை விட்டுவிடுவது வழக்கம். (அரைப் பந்தி படித்து முழுத் தீர்ப்பு வழங்குவோர் எல்லா முகாம்களிலும் உளர்.) செபம் கேட்கப்பட்டதா என்பதை விசுவாசிகளிடமே விட்டுவிடுவோம். அது செபித்தவரை என்ன செய்தது என்பதே நமக்குரிய வினா. துயரை மறக்கச் செய்ததா? துயருக்குக் காரணமானவனை இனங்காட்டியதா? இரண்டும் ஒரே பீடத்தின் முன்னே, சிலவேளை ஒரே நெஞ்சினுள்ளே நிகழ்ந்தன என்றே நாம் கருதுகின்றோம்.

டெக்சாஸ் மாநிலத்திலே விடுதலைச் செய்தி 1865 ஜூன் 19ஆம் நாளிலேதான், இரண்டரை ஆண்டு கழித்து, அறிவிக்கப்பட்டது. விடுதலை பெற்றோர் இருந்த இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு உழைக்கவேண்டும் என்ற புத்திமதியும் அவ்வாணையிற் சேர்க்கப்பட்டிருந்தது. பலர் அதைக் கேளாது, விற்கப்பட்டுப் பிரிந்துபோன தம் மனைவி மக்களைத் தேடிப் புறப்பட்டனர்.