கடைசிப் பொத்தான்

சட்டைக்குப் பொத்தான் போடுவது எளிய செயல் என்று தோன்றும். சிறப்புப் பள்ளி ஒன்றின் தொடக்க வகுப்பில் ஒரு மணி நேரம் அமர்ந்து பார்ப்பவருக்கு அந்த எண்ணம் மாறிவிடும். இடக்கை துணியின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். வலக்கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பொத்தானைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கண் துளையைத் தேட வேண்டும். பொத்தானின் விளிம்பு உள்ளே சென்றதும் ஒரு கை விட்டுக்கொடுக்க, மற்றொரு கை மறுபுறத்திலிருந்து இழுக்க வேண்டும். இத்தனையும் ஒரு கணத்தில் நடந்துவிடுவதால், இது ஒரு செயலன்று, பல செயல்களின் கோவை என்பது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறந்த எட்டு வயதுச் சிறுவனுக்கு முன்னால் அது கோவையாகவே வந்து நிற்கிறது.

இந்த வகுப்பில் ஆசிரியை கற்பிக்கத் தொடங்குவது முதல் படியிலிருந்து அன்று, கடைசிப் படியிலிருந்து. பொத்தானை அவரே துளைக்குள் முக்கால் பங்கு நுழைத்துவிடுகிறார். எஞ்சியதை மறுபுறத்திலிருந்து இழுப்பது மட்டுமே சிறுவனின் வேலை. இழுத்ததும் பொத்தான் பூட்டிக்கொள்கிறது. “நீ முடித்துவிட்டாய்” என்கிறார். அது பொய்ப் பாராட்டன்று. முடித்தவன் உண்மையில் அவன்தான். சில நாட்கள் கழித்து அவர் பாதி மட்டும் நுழைக்கிறார். பின்னர் விளிம்பை மட்டும். பின்னர் துளையைச் சுட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். முதல் படியிலிருந்து தொடங்கும் குழந்தைக்கு ஒவ்வொரு நாளின் பாடமும் முடியாமையில் முடிகிறது. கடைசிப் படியிலிருந்து தொடங்கும் குழந்தையோ நிறைவின் சுவையை முதல் நாளே அறிந்துவிடுகிறது. எஞ்சிய படிகளைக் கடக்கும் ஊக்கம் அந்தச் சுவையிலிருந்துதான் பிறக்கிறது.

சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் செய்ததும் இதற்கு நெடுந்தொலைவில் இல்லை. சாதகன் முடிவில் அடைய வேண்டிய உண்மையை அவர் மறைத்து வைக்கவில்லை. எடுத்த எடுப்பில் கூறிவிடுகிறார். மகனுக்கு விளங்கவில்லை. மீண்டும் விளக்குமாறு கேட்கிறான். தேன், ஆறு, ஆலம் விதை, நீரில் கரைந்த உப்பு என்று உவமைகளை மாற்றி மாற்றி அதே உண்மையை ஒன்பது முறை கூறுகிறார் தந்தை. எட்டாம் முறை கேட்டபோதும் ‘இன்னுமா புரியவில்லை?’ என்று அவர் சலித்துக்கொண்டதாக உபநிடதத்தில் ஓர் எழுத்தும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் வேதம் பயின்று, கற்றோன் என்ற செருக்கோடு திரும்பிய மாணவனுக்கே ஒன்பது முறை தேவைப்பட்டது. பொத்தானுக்குத் தொண்ணூறு முறை ஆவதில் வியப்பென்ன?

விலகும் கை

திருமணச் சடங்கில் மணமகளுக்கு அருந்ததி காட்டும் வழக்கம் உண்டு. அருந்ததி மிக மங்கலான விண்மீன்; நேரே காட்டினால் புதிய கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே அருகிலுள்ள பெரியதொரு விண்மீனை முதலில் காட்டி, ‘இதுதான்’ என்பார்கள். கண் அதில் நிலைத்ததும், ‘இதுவன்று, இதன் அருகே பார்’ என்பார்கள். இவ்வாறு ஒவ்வொன்றாக விட்டு விலகி நுண்ணிய விண்மீனுக்குப் பார்வை வந்து சேரும். நம் தத்துவ ஆசிரியர்கள் இதை அருந்ததி நியாயம் என்று பெயரிட்டுப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள்.

இந்த நியாயத்தின் உயிர் காட்டுவதில் இல்லை. காட்டியதை விலக்குவதில் இருக்கிறது. சிறப்பு வகுப்பின் ஆசிரியை முதல் வாரத்தில் குழந்தையின் கைமேல் தம் கையை வைத்துக் கரண்டியைப் பிடிக்கச் செய்கிறார். அடுத்து மணிக்கட்டை மட்டும் தொடுகிறார். அதன்பின் முழங்கையை. பிறகு தொடுவதே இல்லை, விரலால் சுட்டுகிறார், பின்னர் கண்ணால். ஒரு நாள் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார். அன்று கரண்டி வாய்க்குப் போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆசிரியை சும்மா நிற்பதாகத் தோன்றும். அவருடைய பணியிலேயே கடினமான பகுதி அதுதான். உதவிக்கு நீளும் கையை எல்லோரும் போற்றுகிறார்கள். தக்க தருணத்தில் பின்வாங்கும் கைக்கும் அதே அளவு அன்பு வேண்டும் என்பது தொண்டு செய்யப் புகுவோர் பலருக்கும் தாமதமாகவே விளங்குகிறது.

இத்தகைய வகுப்பில் எவற்றையெல்லாம் கற்பிக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே உருவான அளவுகோல் ஒன்று உண்டு. சென்னையில் உருவாக்கப்பட்டு, ‘மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை’ என்று அந்நகரின் பெயரையே தாங்கி, நாடெங்கும் உள்ள சிறப்புப் பள்ளிகளில் அது பயன்பட்டு வருகிறது. 18 துறைகள், துறைக்கு 20 திறன்கள், ஆக 360. உணவு உண்ணல், உடை உடுத்தல், கழிப்பறைப் பழக்கம், பிறர் சொல்வதை உணர்தல், தன் கருத்தை உணர்த்தல், காலம், பணம், வீட்டு வேலை, பொழுதுபோக்கு என்று அது விரிகிறது. படிப்பும் எழுத்தும் எண்ணும் அவற்றில் மூன்று துறைகள் மட்டுமே. சாதாரணப் பள்ளிகள் தம் நாளின் பெரும்பகுதியைச் செலவிடும் மூன்றுக்கு இங்கே பதினெட்டில் மூன்று பங்கு. மற்றவற்றைப் பிற குழந்தைகள் வீட்டில் பார்த்தும் கேட்டும் தாமே கற்றுவிடுவதால், அவையும் கல்விதான் என்பது நமக்கு மறந்தே போயிற்று.

நான்கு எழுத்துகள்

இத்தகைய கல்வியின் தொடக்கங்களுள் ஒன்று பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. 1800-ஆம் ஆண்டு, அவேரோன் பகுதிக் காடுகளில் தனியே திரிந்து வாழ்ந்த சிறுவன் ஒருவன் மனிதர்களிடையே வந்து சேர்ந்தான். பேச்சில்லை, பன்னிரண்டு வயது இருக்கலாம். பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட அவனைப் புகழ்பெற்ற மனநல மருத்துவர் பினெல் ஆராய்ந்து, தேறும் நம்பிக்கை இல்லை என்ற முடிவுக்கு வந்தார். இருபதுகளின் நடுவில் இருந்த இத்தார் என்ற இளம் மருத்துவர் அதை ஏற்கவில்லை. சிறுவனுக்கு விக்டர் என்று பெயரிட்டு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கற்பித்தார். கெரென் அம்மையார் என்பவர் அவனைத் தாய்போல் பராமரித்தார்.

விக்டருக்குப் பால் மிகவும் பிடிக்கும். பிரெஞ்சு மொழியில் பாலைக் குறிக்கும் சொல்லை அவன் வாயிலிருந்து வரவழைக்க இத்தார் பெரிதும் முயன்றார். ஒரு நாள் சொல் வந்தது. ஆனால் பால் கிண்ணத்தில் ஊற்றப்பட்ட பிறகே வந்தது. கேட்பதற்கு அவன் அதைப் பயன்படுத்தவில்லை, மகிழ்ச்சியில் ஒலித்தான். இத்தார் மனம் தளர்ந்தார். பிறகு அச்சொல்லின் நான்கு எழுத்துகளைத் தனித்தனியே செய்து, அடுக்கி வைக்கப் பழக்கினார். சில நாட்கள் சென்றன. மாலையில் வெளியே புறப்படும்போது விக்டர் யாரும் சொல்லாமலே அந்த நான்கு எழுத்துகளையும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். நாள்தோறும் தனக்குப் பால் கொடுக்கும் நண்பர் ஒருவரின் வீட்டை அடைந்ததும், அவற்றை மேசைமேல் எடுத்து வைத்து அந்தச் சொல்லை அடுக்கினான்.

வகுப்பில் கற்றதை வகுப்புக்கு வெளியே கொண்டுபோவது சிறப்புக் கல்வியில் இன்றும் பெரிய சவால். பள்ளிக் குழாயில் கை கழுவக் கற்ற குழந்தை, வீட்டில் வேறு வடிவக் குழாயைக் கண்டு திகைத்து நிற்கும். பூஜையறையில் கற்ற பொறுமையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோக இயலாமல் திகைக்கும் அன்பர்களுக்கு இது அயலான செய்தியாக இராது.

இத்தார் செய்த மற்றொரு சோதனை படிப்பவரைக் கலங்கச் செய்வது. ஒரு நாள் விக்டர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக எல்லாப் பாடங்களையும் சரியாகச் செய்து முடித்தான். பாராட்டை எதிர்பார்த்து நின்றான். இத்தார் வேண்டுமென்றே முகத்தைக் கடுமையாக்கி, அவன் புத்தகங்களை வீசியெறிந்து, தண்டனைக்குரிய இருட்டறையை நோக்கி அவனை இழுத்தார். தவறு செய்த நாட்களில் அடங்கிப் போகும் விக்டர் அன்று எதிர்த்தான். ஆசிரியரின் கையைக் கடித்தான். கடிபட்டவர் மகிழ்ந்தார்! நீதி எது, அநீதி எது என்ற உணர்வு அவனுக்குள் விழித்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேறென்ன? சோதனை கொடியதுதான், இன்று எந்தப் பள்ளியும் அதை அனுமதிக்கக் கூடாது. ஆனால் அதில் தெரியவந்த உண்மை இன்றைய வகுப்பறைக்கு மிகவும் தேவையானது.

அடக்கத்தையும் பணிவையும் போற்றும் மரபு நம்முடையது. அது நல்லதே. ஆயினும் யார் கைப்பிடித்து அழைத்தாலும் உடன் செல்லவும், யார் தொட்டாலும் அசையாதிருக்கவும் மட்டுமே பழகிய குழந்தை பேராபத்தில் இருக்கிறது. ஆகவே நல்ல சிறப்பாசிரியை ‘வேண்டாம்’ என்பதைக் கற்பிக்கிறார். பேச இயலாத குழந்தைக்குச் சிவப்புக் குறுக்குக்கோடு வரைந்த அட்டை ஒன்று தரப்படுகிறது. பிடிக்காத உணவை நீட்டும்போது அது அந்த அட்டையைக் காட்டினால், உணவு உடனே விலக்கப்படுகிறது. தன் மறுப்புக்கு உலகில் மதிப்புண்டு என்று குழந்தை அறிய வேண்டும். கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொள்வதும், உடையை மாற்றும்போது மறைவிடம் தேடுவதும் இதே பாடத்தின் பகுதிகள். தன்னை மறுக்கவே தெரியாதவனின் பணிவைச் சரணாகதி என்று அழைப்பது பெரும் பிழை. கொடுப்பதற்குத் தன்னுடையது என்று ஒன்று இருந்தால்தானே அர்ப்பணிப்பு?

ஒரு தாயின் கேள்வி

பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மார்களிடம் உறவினர் கூறும் சொல் ஒன்று உண்டு: ‘முன்வினை.’ அதைக் கூறுபவர் பெரும்பாலும் பக்தராகவே இருக்கிறார் என்பது வேதனைக்குரியது. வினையின் போக்கு ஆழம் காண்பதற்கு அரியது என்பது கீதையின் கருத்து. பகவானே அரிது என்றதை அத்தை வீட்டுத் திண்ணையில் அளந்து தீர்ப்புக் கூறுவது சாத்திரமாகாது. வினைக் கொள்கை ஒருவன் தன் அடுத்த செயலைத் திருத்திக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது; அடுத்தவர் மடியிலுள்ள குழந்தையை எடைபோடுவதற்காக அன்று. அத்தகைய குழந்தையைக் கண்டபின் ‘இங்கே என் கடமை என்ன?’ என்று கேட்காமல் ‘இவர்கள் செய்த பாவம் என்ன?’ என்று கேட்பவர், அந்தக் கொள்கையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

வேறு சிலர் ஆறுதலாக ஹஸ்தாமலகரின் வரலாற்றைக் கூறுவர். பேசாமலும் எதிலும் பற்றின்றியும் இருந்த சிறுவனை மந்தன் என்று கருதிய தந்தை ஆதிசங்கரரிடம் அழைத்து வந்தார், ‘நீ யார்?’ என்று சங்கரர் கேட்க, அவன் ஆன்ம ஞானத்தைச் சுலோகங்களாகப் பொழிந்தான் என்பது மரபு. அழகிய வரலாறு. ஆனால் அதைக் கேட்ட தாய் வீடு திரும்பித் தன் மகன் முகத்தைப் பார்ப்பாள். அவன் சுலோகம் எதுவும் சொல்லப்போவதில்லை. மறைந்திருக்கும் ஞானி என்று நிரூபித்தால்தான் மதிப்பு என்றால், அது அந்தக் குழந்தைக்கு நாம் வைக்கும் இன்னொரு தேர்வு.

வேதாந்தத்துக்கு இந்தத் தேர்வு தேவையில்லை. புத்தி ஒரு கருவி, ஆன்மா அன்று. மீண்டும் சுவேதகேதுவைப் பார்க்கலாம். மகனைப் பதினைந்து நாட்கள் நீர் மட்டும் அருந்தி உண்ணாதிருக்கச் செய்கிறார் உத்தாலகர். பின்னர் வேதத்தை ஓதச் சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கற்றது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உணவு உண்டபின் எல்லாம் திரும்பி வருகிறது. மனிதன் தன் அடையாளமாகவே எண்ணிப் பெருமைப்படும் அறிவு, பதினைந்து நாள் பசிக்குத் தாங்காத கருவி. அந்தக் கருவி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக வாய்த்திருக்கிறது. மற்றவர்க்கு முதுமையிலோ நோயிலோ குறையப்போகிறது. கருவியை உடையவன் குறைந்தவன் ஆவதில்லை.

இவ்வளவு கூறினாலும் தாயின் கேள்வி அப்படியே நிற்கிறது. அவள் ஆன்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. ‘எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?’ என்று கேட்கிறாள். இதற்குத் தத்துவ விடை கூறுவது கல்நெஞ்சம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை இக்குழந்தைகளின் உரிமையாக்கியுள்ளது. பதினெட்டுக்குப் பின்னும் வாழ்வு நெடிது. கற்ற ஒவ்வொரு பொத்தானும் ஒவ்வொரு ‘வேண்டாம்’ அட்டையும் அந்தக் கேள்வியின் பாரத்தில் ஒரு தினையளவைக் குறைக்கின்றன. எஞ்சியதைச் சுமக்க வேண்டியவர்கள் அக்கம்பக்கத்தார், உறவினர், தொண்டர்கள்; அதாவது இதைப் படிப்பவர்களே.

விக்டர் கடைசிவரை பேசவில்லை. தாம் தோற்றுவிட்டதாகவே இத்தார் எண்ணி விலகினார். அவன் 1828-இல் மறையும்வரை கெரென் அம்மையாருடன் வாழ்ந்தான். இத்தாரின் அறிக்கையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. நாள்தோறும் உணவு மேசையில் தட்டுகளை எடுத்து வைப்பது விக்டரின் வேலை. கெரென் அம்மையாரின் கணவர் நோயுற்று இறந்த நாளன்றும் வழக்கம்போல் அவருக்குரிய இடத்தில் தட்டை வைத்தான். அதைக் கண்டு அம்மையார் கதறி அழுதார். அவர் அழுகைக்குத் தான் காரணமாகிவிட்டதை அவன் உணர்ந்தான். துயரத்தோடு அந்தத் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தான். அதன்பின் அதை மேசைக்குக் கொண்டுவரவே இல்லை. இதை எந்தப் பாடத்திலும் யாரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை.

சிறப்பு வகுப்பின் மணி அடிக்கிறது. எட்டு வயதுச் சிறுவன் வாசலுக்கு வருகிறான். நான்கு பொத்தான்கள் பூட்டியிருக்கின்றன. ஒன்று இடம் மாறிப் பூட்டியிருப்பதால் சட்டையின் ஓரம் ஒருபுறம் இறங்கியிருக்கிறது. திருத்துவதற்காகத் தாயின் கை நீள்கிறது. வாசற்படியில் நிற்கும் ஆசிரியையை ஒருகணம் பார்க்கிறாள். கையை இழுத்துக்கொண்டு, சட்டையை அப்படியே விட்டு, அவன் பையை மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.