மூச்சு குறைந்தவரின் கிரிவலம்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால், கிரிவலப் பாதைக்குச் சற்று வெளியே அமைந்த ஊர். பௌர்ணமி இரவுகளில் வந்திறங்கும் கூட்டத்துக்கு இந்தச் சாலையும் ஒரு வாசல். வந்தவர்கள் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். தீபத் திருநாளில், அனுமதி கிடைத்த ஆண்டுகளில், 2,668 அடி உயர மலை உச்சிவரை ஏறிவிட்டு வருகிறவர்களும் உண்டு. பக்தியைக் காலால் அளக்கும் ஊர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் நடையும் ஏற்றமும் கடைசியில் நுரையீரலின் கணக்கில்தான் வந்து நிற்கின்றன. அப்படியானால் காசநோயாலோ புற்றுநோயாலோ நுரையீரலின் ஒரு பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கும் ஒருவருக்கு இந்த ஊரின் சமயத்தில் என்ன இடம்? பரிதாபப்பட்டுக் கொடுக்கும் சலுகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த மலையின் மரபையே சான்றாக வைத்துப் பார்த்தால், அது அவருக்கு முதலிலிருந்தே உள்ள உரிமை என்பது என் வாதம்.

முதலில் அறுவை சிகிச்சை எதை எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். இதே சாலையின் மறுமுனையில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1940களின் கடைசியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். அதற்குப் பிறகான தலைமுறைகளில் நுரையீரலின் ஒரு மடலை இழந்தும் வாழ்கிறவர்கள் நம் பக்கத்தில் அபூர்வமானவர்கள் அல்ல. வலது நுரையீரலில் 3 மடல்கள், இடதில் 2. ஒன்றை எடுத்தால் மீதமுள்ளவை விரிந்து ஓரளவு இடத்தை நிரப்பிக்கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் ஒருவர் ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் காற்றைத்தான் இழுக்கிறார். முழு பலத்தோடு இழுத்து விட்டால் அது 3 முதல் 5 லிட்டர்வரை போகும். இடையில் உள்ளது கையிருப்பு. கத்தி பெரும்பாலும் தொடுவது அந்தக் கையிருப்பை. இதைச் சொல்லி யாரையும் தேற்றிவிட முடியாது. குளித்துத் துவட்டுவதும், குனிந்து செருப்பு மாட்டுவதும், சாப்பிட்டுக்கொண்டே பேசுவதும்கூடக் கையிருப்பிலிருந்து எடுக்கும் செலவுதான் என்பது அது குறைந்தவருக்கே தெரியும். சாம்பிராணிப் புகை சூழ்ந்த சந்நிதியில் மற்றவர்கள் கண்மூடி நிற்க, அவர் வெளியேற வழி பார்த்து நிற்பார். கிரிவலப் பாதையில் உள்ள வாயு லிங்கத்தை வணங்கினால் நுரையீரல் நோய் தீரும் என்று நம்பிக்கை. அந்த லிங்கம்வரை நடந்து போக யாருக்கு நுரையீரல் போதாதோ அவருக்காகத்தான் அது சொல்லப்பட்டிருக்கிறது என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இந்தத் தலத்தின் மூத்த உரிமைப் பத்திரம் நடையைக் கேட்கவில்லை. திருவாரூரில் பிறந்தால் முக்தி, காசியில் இறந்தால் முக்தி, தில்லையைத் தரிசித்தால் முக்தி, அண்ணாமலையை நினைத்தாலே முக்தி என்பது மரபு. மற்ற தலங்கள் உடலைக் குறிப்பிட்ட ஓரிடத்துக்குக் கொண்டுவரச் சொல்கின்றன. அண்ணாமலை அதைக்கூடக் கேட்கவில்லை. கிரிவலத்தை மிக உயர்த்திப் பேசியவர் ரமண மகரிஷி, பிறரை அனுப்பிவைத்தவர். அவரே 1926 வாக்கில் சுற்றுவதை நிறுத்தினார். காரணம் நோயல்ல, அவர் கிளம்பினால் ஆசிரமமே கூடக் கிளம்பிவிடும் என்பது. எதுவானாலும், மலையடிவாரத்தில் அதன்பின் வாழ்ந்த 24 ஆண்டுகள் வலம் வராமலே கழிந்தன. அதனால் அவருக்கு ஏதோ குறைந்துபோனது என்று எந்த அடியவரும் சொன்னதில்லை.

மூச்சைப் பற்றியும் அவர் பேசியிருக்கிறார். அடியவர் முருகனார் கேட்டுக்கொண்டதால் அவர் எழுதிய ‘உபதேச உந்தியார்’, மனமும் மூச்சும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றும், மூச்சை அடக்கினால் மனம் ஒடுங்கும் என்றும் சொல்கிறது. அப்படி வந்த ஒடுக்கம் தற்காலிகமானது என்றும் சேர்த்தே சொல்கிறது. ‘நான் யார்?’ நூலிலும் பிராணாயாமம் ஒரு துணை மட்டுமே. யோக நூல்களின் பழைய கணக்கில் 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விட வேண்டும். நுரையீரல் குறைந்தவரால் அந்த 64 முடியாது, முயல்வதும் ஆபத்து. ஆனால் இழுப்பதைப்போல இரு மடங்கு நேரம், உதட்டைக் குவித்து மெல்ல விடுவதைத்தான் இன்று மூச்சுப் பயிற்சி தருபவர்கள் நோயாளிக்குக் கற்றுத்தருகிறார்கள். நடுவிலுள்ள சாகசத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அவரால் முடிகிற ஒன்று. மூச்சை அடக்க முடியாதவர் அதைக் கவனித்தாலே போதும் என்று ரமணர் சொன்னதையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு மூச்சையும் கவனிப்பதில் இவரை மிஞ்ச ஆள் ஏது?

இது சோம்பேறிக்கும் கதவு திறந்துவிடாதா என்று கேட்கலாம். திறந்துவிடும்தான். ஆனால் நினைப்பது நடப்பதைவிட எளிது என்பது இரண்டையும் ஒழுங்காகச் செய்து பார்க்காதவர் சொல்லும் பேச்சு. நடக்கும்போது கூட்டமும் காலும் நம்மை இழுத்துக்கொண்டு போகும். கட்டிலில் கிடந்து ஐந்து நிமிடம் ஒன்றையே நினைப்பதற்கு அப்படி எந்த உதவியும் இல்லை.

இதைவிடக் கடினமான தடை நலம் விசாரிக்க வருகிறவர்களின் வாயிலிருந்து வருகிறது. எல்லாம் முன்வினை என்பார்கள். ‘உடம்பு நீ இல்லை, பிறகென்ன வருத்தம்’ என்பார்கள். முதலாவதற்குச் சைவத்துக்குள்ளேயே பதில் உண்டு. கொங்கு நாட்டில், இன்றைய திருச்செங்கோட்டில், அடியவர்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியபோது சம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகம், வினையின் பயன் என்று சொல்லிக்கொண்டு விடுதலை தேடாமல் இருப்பதைக் குறை என்கிறது. சூலை நோயில் துடித்த அப்பர் திருவதிகையில் பாடியது பொறுமையின் பாட்டு இல்லை, தாங்க முடியவில்லை என்ற முறையீடு. சுந்தரர் இன்னும் ஒரு படி மேலே. பார்வை போனபோது இறைவனையே ஏசினார்; திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் ஒரு கண் வந்தது, ஆரூரில்தான் மற்றது. ஊன்றுகோலோடும் ஒற்றைக் கண்ணோடும் அவர் பாடிய காலம் பக்தியில் குறைந்த காலம் என்று யாரும் எண்ணவில்லை. ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து முணுமுணுப்பவருக்கு இவர்கள் மூவரும் முன்னோர்.

‘உடம்பு நீ இல்லை’ என்பதற்கு ரமணரையே சான்றாகக் காட்டுவார்கள். 1949இல் அவருடைய இடது கையில் வளர்ந்த சார்கோமா கட்டிக்கு பிப்ரவரி, மார்ச், ஆகஸ்ட், டிசம்பர் என நான்கு முறை அறுவை நடந்தது. 1950 ஏப்ரல் 14இல் உடலை விட்டார். கையை எடுத்துவிடலாம் என்றதற்கு ஒப்பவில்லை, இந்த உடம்பே ஒரு நோய்தான் என்றார். ஆனால் தம் உடம்பைப் பற்றி அப்படிச் சொன்னவர், வைத்தியர்கள் வந்தபோது கையை நீட்டினார். அலோபதி, ஆயுர்வேதம், ஹோமியோபதி எதையும் விரட்டவில்லை. வலி இருந்ததை மறைக்கவும் இல்லை. பற்றின்மை தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய உண்மை. ஐந்து லிட்டர் மூச்சு உள்ளவர் அரை லிட்டருக்குத் திண்டாடுபவரிடம் அதைச் சொன்னால், அங்கே தத்துவத்தைவிடத் தப்பித்துக்கொள்ளும் அவசரமே அதிகம்.

துன்பமே அருள் என்பது இன்னொரு வகை. போப் பிரான்சிஸ் 20 வயதில், 1957இல், வலது நுரையீரலின் மேற்பகுதியை இழந்தவர். வேதனையில் கிடந்த அவரிடம் ஒரு கன்னியாஸ்திரீ, நீ இயேசுவைப் பின்பற்றுகிறாய் என்றாராம். அது தமக்குத் துணையாயிற்று என்று ஒப்புக்கொண்ட அவரே, வலி தன்னளவில் ஒரு நற்குணம் அல்ல என்றும் தெளிவாகச் சொன்னார். 76 வயதில் பொறுப்பேற்று 12 ஆண்டுகள் திருச்சபையை நடத்தியது குறைந்த மூச்சோடுதான். அந்த மூச்சைக் குறைத்த நோயை நல்லது என்று சொல்ல அவருக்கு அவசியம் இருக்கவில்லை.

எஞ்சியிருக்கும் ஒரு தடைதான் உண்மையில் கூர்மையானது. மூச்சும் மனமும் ஒரே வேர் என்றால், மூச்சு மிகக் குறையும்போது நினைப்பும் குழம்புமே? ஆக்சிஜன் இறங்கினால் அறிவு தடுமாறுவது மருத்துவ உண்மை. நடக்காதே, நினை என்று சொல்லிவிட்டு, நினைக்கவும் முடியாத நாளில் என்ன செய்வது? பெரியாழ்வாருக்கு இந்தப் பயம் இருந்தது. கடைசியில் நினைக்க இயலாமல் போகலாம், எனவே இப்போதே சொல்லிவைக்கிறேன் என்று அரங்கனிடம் முன்கூட்டியே ஒப்படைத்தார். அண்ணாமலையில் இதற்கு இன்னொரு விடை இருக்கிறது. 1922 மே 19 அன்று ரமணரின் தாய் அழகம்மாள் மேல்மூச்சு வாங்கிக் கிடந்தார். மந்திரம் சொல்லும் நிலையிலோ மூச்சை ஆளும் நிலையிலோ அவர் இல்லை. மகன் ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்து, பகல் முழுக்க, இரவில் மூச்சு அடங்கும்வரை அருகில் இருந்தார். அவர் முக்தி அடைந்ததாகவே ரமணர் கொண்டார். அவர் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் எழுந்தது. அந்த நாளில் தாய் செய்ய வேண்டிய சாதனை என்று எதுவும் மிச்சமிருக்கவில்லை, அதை மகன் செய்தார். நினைப்பதைக்கூட இன்னொருவர் ஏற்றுக்கொள்ள முடியும் என்றால், வேங்கிக்காலில் ஒரு வீட்டில் இருமிக்கொண்டிருப்பவரை விட்டுவிட்டு மலையைச் சுற்றப் போகிறவர், சுற்றி முடித்த பிறகு அந்தக் கணக்கில் தன் பெயரோடு அவர் பெயரையும் எழுதத்தான் வேண்டும். வீட்டிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டவருக்கு 14 கிலோமீட்டரை யாரும் பாக்கி வைக்க முடியாது.