ஒற்றன் யாரிடம் செல்ல வேண்டும்?

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தை ஒருநாள் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தோம். அரசன் தன் வினை செய்வோரையும் சுற்றத்தாரையும் பகைவரையும் ஒற்றரைக் கொண்டு ஆராய வேண்டும் என்று வள்ளுவர் கூறுவதை விளக்கியபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சேர், வாகனம் திருத்தும் கராஜுக்கும் இப்படி ஆள் அனுப்பிச் சோதிப்பார்களா? அனுப்பினால் அகப்படுவது முதலாளியா, எங்கள் அண்ணாவா?"

வகுப்புச் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. அவனுடைய தமையன் கண்டிக்கு அண்மையில் ஒரு கராஜில் வேலை பழகுபவன். தேயாத உதிரிப்பாகத்தைத் தேய்ந்துவிட்டதாகச் சொல்லுமாறு பணிக்கப்பட்டு, அதை வீட்டில் வந்து சொல்லி வருந்தியவன். இது பின்னரே நமக்குத் தெரியவந்தது. மாணவனின் வினாவுக்கு அன்று நாம் மறுமொழி கூறவில்லை. அக்கடனை இங்கே தீர்க்க முயல்வோம்.

கண்டி மலைநகர். இங்கிருந்து எத்திசையிற் புறப்பட்டாலும் சிறிது தூரத்தில் ஏற்றமும் இறக்கமும் வளைவும் தொடங்கிவிடுகின்றன. கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும் வண்டிக்குப் பிரேக்கே உயிர். ஆகவே, "பிரேக் சரியில்லை, மாற்ற வேண்டும்" என்று கராஜில் ஒருவர் சொல்லிவிட்டால், முச்சக்கர வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர் அதற்குமேல் வாதாட முடியாது. சந்தையிற் கத்தரிக்காய் வாங்குபவர் சொத்தையைக் கண்ணாற் காண்கிறார். எஞ்சினைத் திறந்து காட்டினாலும் நாம் காண்பதோ இரும்பும் எண்ணெயுமே. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்பு வீழ்ந்து உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. 2025ஆம் ஆண்டிலே தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தபோதும், புதிய வண்டியின் விலை எளியோருக்கு எட்டவில்லை. பழைய வண்டியே அவர்களுக்குத் துணை. அதனைத் திருத்துபவரின் சொல்லும், அதனை விற்பவரின் சொல்லுமே அவர்களுக்குச் சான்று.

அச்சொல்லை எப்படிச் சோதிப்பது? 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரீடர்ஸ் டைஜஸ்ட் சஞ்சிகை ஒரு வழியைக் கண்டது. எஞ்சினில் ஒரேயொரு கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, ஒன்றும் அறியாத பயணிகளைப்போல அதன் ஆட்கள் 347 கராஜ்களுக்குச் சென்றனர். கம்பியை மாட்டினால் வேலை முடிந்தது. 129 கராஜ்களில் அதை உடனே கண்டு, இலவசமாகவோ சொற்பக் கூலிக்கோ மாட்டிக் கொடுத்தனர். மற்றைய 218 கராஜ்களில் இல்லாத பழுதைக் கூறினர். வேண்டாத வேலையைச் செய்தனர். செய்யாத வேலைக்கும் பணம் பெற்றனர். நூற்றுக்கு 63 இடங்களில் வஞ்சனை!

ஆனால், வாடிக்கையாளராய் நடித்துச் செல்வதும் பொய்தானே? பொய்யைக் கொண்டு பொய்யைப் பிடிப்பது அறமாகுமா? வாய்மையைக் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம் இவ்வினாவை எளிதிற் கடந்துவிட முடியாது.

நமது அநுபவத்தையே எண்ணிப் பார்ப்போம். கல்வி அதிகாரி வருகிறார் என்று முன்னறிந்த நாளில் நமது பாடசாலைகள் எத்துணை அழகாய் விளங்குகின்றன! அந்நாளில் அதிகாரி காண்பது பாடசாலையை அன்று. அவருக்கென அணியப்பட்ட வேடத்தையே. 2015ஆம் ஆண்டில் அம்பலமான வோல்க்ஸ்வாகன் மோசடி இதன் உச்சம். புகைச் சோதனை நடப்பதைத் தானே உணர்ந்து, அவ்வேளையில் மட்டும் நச்சுவாயுவை அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு அந்நிறுவனத்தின் டீசல் வண்டிகளில் இருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள்! ஆய்வுகூடத்தை விட்டுத் திறந்த வீதியில் அவ்வண்டிகளை ஓட்டி அளந்த ஆராய்ச்சியாளராலேயே குட்டு வெளிப்பட்டது. வேடத்தை முதலில் அணிந்தது முதலாளித்துவமே. அதைக் களைய, சோதிப்பவர் தம் அடையாளத்தைச் சிறிது மறைத்தலில் நாம் குற்றங் காணவில்லை.

எனினும், இதற்கோர் எல்லை உண்டு. அமைச்சரை அறம், பொருள், இன்பம், அச்சம் என்னும் நான்கினாலும் மறைவாகச் சோதிக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் வள்ளுவரும் இந்நான்கையே குறிக்கிறார். ஆனால் அதே அர்த்தசாஸ்திரம், கெடாதவனைச் சோதனையாற் கெடுத்துவிடுவது தண்ணீரில் நஞ்சு கலப்பதற்கு ஒப்பாகும் என எச்சரிக்கவும் செய்கிறது. பழுதான வண்டியைக் கொடுத்து, "பார்த்துச் சொல்லுங்கள்" என்பவர் நாள்தோறும் வரும் வாடிக்கையாளரைப் போன்றவரே. நேர்மையான தொழிலாளிக்கு அவரால் இழப்பில்லை; கூலியும் கிடைக்கிறது. "கள்ளப் பற்றுச்சீட்டு எழுதித் தாரும், உமக்கும் பங்கு தருகிறேன்" என்று தூண்டுபவரோ இல்லாத குற்றத்தை விதைப்பவர். முன்னது சோதனை, பின்னது கண்ணி. ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனாற் சரிபார்க்க வேண்டும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தாலே தெளிய வேண்டும் என்று வள்ளுவர் வகுத்ததையும் மறத்தலாகாது. ஒருநாட் பிழையைக் கொண்டு ஒருவனைக் கள்வன் எனல் தகாது.

இனி, மாணவனின் வினாவுக்கு வருவோம். அகப்படுவது யார்?

1992ஆம் ஆண்டில் வெளிவந்த விசாரணையொன்றில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அதிகாரிகள், சியர்ஸ் என்னும் பெருநிறுவனத்தின் வாகனத் திருத்தகங்களுக்கு வாடிக்கையாளர்போல 38 முறை சென்றனர். 34 முறை வேண்டாத வேலை அவர்கள் தலையிற் கட்டப்பட்டது. அத்தனை தொழிலாளரும் பிறவியிலேயே வஞ்சகரா? அல்லர். விற்பனை இலக்கும், விற்பனையோடு பிணைந்த ஊதியமும் அவர்கள்மீது சுமத்தப்பட்டிருந்தன. உண்மை சொன்னவனுக்கு ஊதியம் குறையும். பொய் சொன்னவனுக்குக் கூடும். விடயம் வெளிப்பட்டபின் நிறுவனத் தலைவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, வாடிக்கையாளருக்கு வேலையைப் பரிந்துரைப்போரின் அவ்வூதிய முறையைக் கைவிடுவதாக அறிவித்ததே. நோயின் வேர் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை உண்டு. வர்த்தகத்தில் ஏமாற்றும் நடத்தையை அச்சட்டம் தடுக்கிறது. பொருள் வாங்கியவர் கேட்டாற் பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. வாங்குபவர்போலச் செல்லும் அதிகாரிகளும் உளர். பெருங்கடைகள் தண்டம் கட்டியதுமுண்டு. ஆயினும், செய்தித்தாளில் நாம் பெரிதும் காண்பது அரிசிக்கும் முட்டைக்கும் கூடுதல் விலை கேட்ட சிறு கடைக்காரரின் கதையே. ஓடிய தூரம் காட்டும் மீற்றர் திருப்பப்பட்டதா, விபத்தில் நொறுங்கிய வண்டி புதுப் பூச்சில் மறைக்கப்பட்டதா என்று அறிய, வாகன விற்பனையாளரின் காட்சியறைக்கும் மாறுவேடம் செல்லட்டும். பெரிய திருத்தகங்களுக்கும் செல்லட்டும். முடிவுகள் மூன்று மொழிகளிலும் வெளியாகட்டும். முதலாளியின் கட்டளையை வெளியிடும் தொழிலாளியின் வேலைக்குச் சட்டம் காவலாக நிற்கட்டும். கராஜ்த் தொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைத்தால், இக்காவல் இன்னும் உறுதிப்படும்.

தம்பி, உன் அண்ணன் முற்றிலும் குற்றமற்றவன் என்று நாம் சொல்ல மாட்டோம். அவன் கூறும் பொய்க்கு விலை கொடுப்பவரும் உன் தந்தையைப்போல் அன்றாடம் உழைப்பவரே. ஆனால் ஒற்றன் உன் அண்ணனின் எண்ணெய்க் கையைப் பிடித்ததோடு திரும்பிவிடலாகாது. இப்படிச் சொல்லுமாறு பணித்தவர் யார், மறுத்தால் உன் சம்பளம் என்னவாகும் என்று அவனிடம் கேட்டு, கணக்குப் புத்தகம் இருக்கும் அறைவரை அவன் செல்ல வேண்டும். வீட்டில் வந்து வருந்திய உன் அண்ணன், அந்த அறையின் வாசலிலும் அஞ்சாது வாய்திறக்கும் நிலை வர வேண்டும். அன்று வகுப்பிலே சொல்லத் தவறிய மறுமொழி இதுவே.