மழைக்கு வழிவிடும் கூரை

விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு திறந்த வெளியில் தங்க விரும்புவோர் ஒரு கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் எத்தனை பேர் படுக்கலாம், உள்ளே தலை இடிக்காமல் நிற்க முடியுமா, காற்றுக்கு ஈடுகொடுக்குமா, மழை உள்ளே இறங்காதிருக்குமா என்ற கேள்விகளையே முதலில் கேட்கின்றனர். துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது கசியத் தொடங்கும் என்று சோதித்து, 3000 மில்லிமீட்டர் என்பது போன்ற எண்களைத் தயாரிப்பாளர்கள் அச்சிட்டுத் தருவதும் அக்கேள்விகளுக்கு விடையாகத்தான். இடம், உயரம், காற்று, மழை என்னும் இதே நான்கையும் யூத சமயச் சட்ட மரபு 1800 ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறது. ஆனால் அது வந்து சேர்ந்த விடைகள் கூடாரக் கடைக்காரரின் விடைகளுக்குப் பல இடங்களில் நேர் எதிரானவை. ஏனெனில் அம்மரபின் உள்ளத்தில் இருந்த கேள்வி, நிலையில்லாத ஓரிடத்தில் ஒரு குடும்பம் தங்குவதை எப்போது ‘வாழ்தல்’ என்று சொல்லலாம் என்பதாகும்.

இந்த ஆராய்ச்சிக்கு வித்திட்டது லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரம். எகிப்திலிருந்து வெளியேற்றப்பட்ட இஸ்ரவேலர் வனாந்தரத்தில் எவ்வாறு குடியிருத்தப்பட்டனர் என்பதைப் பின்வரும் தலைமுறைகள் அறியும்படி, ஏழாம் மாதத்தின் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாட்கள் அவர்கள் ‘சுக்கோத்’தில் குடியிருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. சுக்கோத் என்பது ‘சுக்கா’ என்னும் எபிரேயச் சொல்லின் பன்மை. தமிழ் விவிலியம் இவ்விழாவைக் கூடாரப் பண்டிகை என்று பெயர்த்திருப்பதால், தமிழ் வாசகரின் மனத்தில் துணியால் இழுத்துக் கட்டிய கூடாரமே எழக்கூடும். ஆனால் துணிக் கூடாரத்துக்கு எபிரேயத்தில் ‘ஓஹெல்’ என்ற வேறு சொல் உண்டு. சுக்கா என்பது வயற்காவலரும் அறுவடைக்காரரும் தழையும் கிளையும் பரப்பி வேய்ந்துகொண்ட நிழலிடம் ஆகையால், தமிழில் அதற்கு நெருங்கிய உறவுடையவை பந்தலும் குடிலும்தான். இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. சட்டம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, அதாவது வாய்மொழிச் சட்டங்களின் முதல் பெருந்தொகுப்பு, இதற்கென்றே ஒரு நூற்பகுதியை ஒதுக்கி, உயரக் கணக்கிலிருந்து தன் பேச்சைத் தொடங்குகிறது. சுக்கா 20 முழத்துக்கு மேல் உயரக் கூடாது. பத்துக் கைப்பிடி அகலத்துக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு, கீழே தாழவும் கூடாது. உள்ளே விழும் வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். சுவர்களைப் பற்றிச் சட்டம் வியக்கத்தக்க தாராளம் காட்டுகிறது: அவற்றை ஏறக்குறைய எந்தப் பொருளாலும் எழுப்பலாம், இரண்டு சுவர் முழுதாகவும் மூன்றாவது சிறு துண்டாகவும் இருந்தாலே போதும். கண்டிப்பு எல்லாம் ‘ஸ்காக்’ எனப்படும் கூரை வேய்வைச் சார்ந்தது. அது மண்ணிலிருந்து விளைந்ததாகவும், மண்ணிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதாகவும், சடங்குத் தீட்டுப் பற்றக்கூடிய பயன்பொருளாக மாறாததாகவும் இருத்தல் வேண்டும். நெய்த துணிக்குத் தீட்டுப் பற்றும், தோலுக்கும் பற்றும். படுப்பதற்காக முடைந்த பாயைக் கூரையில் பரப்பக் கூடாது என்றும், வேய்வதற்கென்றே முடைந்ததைப் பரப்பலாம் என்றும் மிஷ்னா பிரித்துச் சொல்வதைக் கோரைப் பாய்க்கும் தென்னங்கீற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்கள் எளிதில் உணர்வர். மனிதர் தம் உடலோடு பழக்கிக்கொண்ட பொருள் அந்தக் கூரைக்கு ஏறக் கூடாது. இக்கணக்கில், கடையில் வாங்கப்படும் எந்த நைலான் கூடாரமும், அது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சுக்கா ஆக மாட்டாது.

மழையைக் குறித்த முரண் இன்னும் கூர்மையானது. கூரையின் இடுக்குகளில் பெரிய விண்மீன்களாவது தெரிவது சிறப்பு என்று 16ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக் கூறுகிறது. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ரப்பேனு தாம் என்ற அறிஞரோ, மழைத்துளி ஊடுருவவே முடியாதபடி அடர்த்தியாக வேய்ந்த கூரை செல்லாது என்று கருதினார். அனைவரும் அவர் கருத்தை அப்படியே ஏற்கவில்லை என்றாலும், முன்கூட்டியே மழைக்கு வழிவிட்டு வேய்வதே நன்று என்பது பிற்கால நடைமுறையாயிற்று. நீர் நிற்கும் உயரத்தால் துணியை மதிப்பிடும் அளவுகோல் இங்கே தலைகீழாகிறது. வெயிலை மறைக்கப் போதுமான கூரை, வானத்தை மறைக்கும் அளவுக்குப் போகக் கூடாது.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்ற கேள்வியை, மிஷ்னாவின் மேல் நடந்த நெடிய விவாதங்களின் பதிவான பாபிலோனியத் தல்மூத் தன் முதல் ஏட்டிலேயே எழுப்புகிறது. இருபது முழ வரம்பைப் பற்றி ஓர் ஆசிரியர், அவ்வளவு உயரத்தில் கூரை மேல் கண் படாது, கண் படாதபோது தலைமுறைகள் எதையும் அறிய மாட்டா என்கிறார். இன்னொருவர், அங்கே நிழல் கூரையிலிருந்து வராமல் சுவர்களிலிருந்தே வரும் என்கிறார். மூன்றாவதாகப் பேசும் ரவா என்பவரோ, நிலையான குடியிருப்பை விட்டு ஏழு நாள் வெளியேறி நிலையற்ற குடியிருப்பில் அமர வேண்டும் என்பதே வேதத்தின் கட்டளை என்றும், இருபது முழம் வரையில் மனிதர் தற்காலிகமாகக் கட்டிக்கொள்ள முடியும், அதற்கு மேல் போனால் நிலையான கட்டுமானம் இல்லாமல் முடியாது என்றும் விளக்குகிறார். இவ்விரு நிலைகளுக்கும் எபிரேயத்தில் ‘தீரத் கேவா’, ‘தீரத் அராய்’ என்று பெயர். முன்னது நிலைக்குடியிருப்பு, பின்னது ஒதுங்குமிடம். சுக்கா இவ்விரண்டில் எதைச் சார வேண்டும் என்பதில் ஆசிரியர்கள் பிளவுபட்டு நின்றனர். அவர்களில் ரப்பான் கமாலியேலும் ரபி அகிவாவும் கப்பலில் சென்றபோது, அகிவா கப்பலின் முகப்பில் ஒரு சுக்காவை அமைத்ததாகவும், மறுநாள் வீசிய காற்று அதைப் பெயர்த்துக்கொண்டு போனதாகவும், கமாலியேல் ‘உன் சுக்கா எங்கே?’ என்று கேட்டதாகவும் தல்மூத் பதிவு செய்கிறது. தரையில் வழக்கமாக வீசும் காற்றைத் தாங்கினால் போதும் என்று கொண்ட அகிவாவுக்கு, கடற்காற்றில் பறந்துபோனது அதன் தகுதிக்குக் குறையாகத் தோன்றவில்லை. உறுதி வேண்டும் என்று கொண்ட கமாலியேலுக்கோ அது தொடக்கத்திலிருந்தே சுக்காவாக இருந்ததில்லை. பறந்துபோகக்கூடியது என்று தெரிந்தே ஒன்றைக் கட்டி அதைக் குடியிருப்பு என்று அழைக்க அகிவா துணிந்ததில் ஓர் ஆழ்ந்த தெளிவு இருக்கிறது.

எனினும் நிலையாமையை மட்டும் வலியுறுத்தியிருந்தால் இம்மரபு ஒரு நோன்பு மரபாகவே முடிந்திருக்கும். அதைத் தடுத்து நிறுத்தியது, நீங்கள் வழக்கமாக வாழ்வது போலவே அங்கும் குடியிருங்கள் என்று பொருள்படும் ‘தேஷ்வு கெயேன் தாதூரு’ என்னும் விதி. இதன்படி, அழகான பாத்திரங்களையும் நல்ல விரிப்புகளையும் சுக்காவுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கேயே உண்டு, பருகி, உலாவி, கற்க வேண்டும். அங்கே இருப்பதால் துன்புறுபவருக்குக் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்பதும் இவ்விதியின் நீட்சியே; துன்பத்தைச் சகித்துக்கொண்டு எவரும் தம் வீட்டில் வாழ்வதில்லை, பொறுக்க முடியாதபோது வேறிடம் பெயர்வர் என்பதால், குளிரிலும் ஈ மொய்ப்பிலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது குடியிருத்தல் ஆகாது. மழை வந்தால் எப்போது எழுந்து போகலாம் என்பதற்கு மிஷ்னா ஒரு சமையலறை அளவுகோலைத் தருகிறது: கூழ் கெட்டுப்போகும் அளவுக்குத் துளிகள் விழும்போது. அதன் பின் அது சொல்லும் உவமை மனத்தைத் தைப்பது. எசமானுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்க வந்த ஊழியனின் முகத்தில் எசமான் குடத்து நீரை வீசியதற்கு அந்த மழையை அது ஒப்பிடுகிறது. எழுந்து போக அனுமதி உண்டு. ஆனால் போவது வருத்தத்தோடு போவதாகும். மழைக்கு வழிவிட்ட கூரையைத் தானே வேய்ந்தவன், மழை இறங்கும்போது தன் விருந்து மறுக்கப்பட்டதாக நோகிறான். இவ்விரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருக்கச் சொல்வதில்தான் இச்சட்டத்தின் சமயப் பொருள் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

குடும்பத்தைப் பற்றிய இடங்களில் இக்கேள்வி மேலும் நெருக்கமாகிறது. பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மிஷ்னா இக்கடமையை விதிக்கவில்லை. ஆயினும், மூத்த ஷம்மாய் என்ற ஆசிரியரின் மருமகள் பிள்ளை பெற்றபோது, குழந்தையின் பொருட்டு ஷம்மாய் கட்டிலுக்கு மேலிருந்த கூரைப் பூச்சைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் தழை வேய்ந்தார் என்று அதே நூல் தெரிவிக்கிறது. குழந்தையை வானத்தின் கீழ் கொண்டுபோக முடியாதபோது, வானத்தைக் குழந்தையிடம் கொண்டுவந்த செயல் அது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், குளிர் மிகுந்த போலந்தில், ஆண்கள் பகலில் சுக்காவில் உண்டுவிட்டு இரவில் வீட்டுக்குள் வந்து உறங்கும் வழக்கத்தைக் கண்ட கிராக்கவ் நகரத்து மோசே இஸர்லெஸ், அதற்குக் குளிர் ஒரு காரணமாகச் சொல்லப்படுவதைக் குறிப்பிட்டுவிட்டு, தம் கருத்தில் காரணம் வேறு என்றார்: ஆண்டு முழுவதும் கணவனும் மனைவியுமாக ஒருவர் வாழ்வது போலவே சுக்காவிலும் வாழ வேண்டும் என்பது கட்டளையாக இருக்க, அதற்கேற்ற தனியிடம் அங்கே வாய்க்காதபோது உறங்கும் கடமையும் நெகிழ்கிறது என்பது அவர் வாதம். பிரிந்து கிடப்பது குடியிருத்தல் ஆகாது என்று ஒரு சட்ட அறிஞர் எழுதத் துணிந்தது போற்றத்தக்கது. கூடாரத்தில் எத்தனை பேர் படுக்கலாம் என்ற எளிய கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இனி, காலம். நல்ல பருவத்தில் வெளியே தங்குவது எல்லா மக்களுக்கும் இயல்பு. எகிப்திலிருந்து வெளியேறியது வசந்த காலத்தில் என்றிருக்க, விழா ஏன் இலையுதிர் காலத்துக்கு வந்தது என்ற கேள்விக்கு, 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த யாக்கோப் பென் ஆஷெர் ஒரு விடை தந்தார்: வசந்தத்தில் எல்லோருமே நிழலுக்காகப் பந்தலிட்டுக்கொள்வர், ஆகவே அது கட்டளைக்காகச் செய்யப்பட்டதென்று தெரியாது, மழைக்காலம் நெருங்கி மற்றவர்கள் வீட்டுக்குள் திரும்பும் வேளையில் வெளியேறுவதால்தான் செயலின் நோக்கம் வெளிப்படுகிறது. ரப்பேனு தாமின் உடன்பிறந்த ரஷ்பம், அறுவடை முடிந்து வீடு நிறைந்திருக்கும் நாட்களில் இச்செல்வத்தை என் கையின் வலிமையே தந்தது என்ற எண்ணம் எழாதிருக்கவே இது என்றார். யூத மெய்யியலாளரான மைமோனிடிஸும் வளத்தின் நடுவே பழைய துன்ப நாட்களை நினைவூட்டுவதையே இதன் பயனாகக் கண்டார். இவை மூன்றிலும் ஒரு முன்நிபந்தனை உண்டு: வெளியேறுபவருக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது. வீடே இல்லாதவருக்கு நிலையாமையைக் கற்பிக்க எந்தச் சட்டமும் தேவையில்லை.

இதே விவிலியத்தில் நேர் மாறான வழியைத் தேர்ந்தவர்களும் உள்ளனர். எரேமியா நூலின் 35ஆம் அதிகாரத்தில் வரும் ரேகாபியர், தம் மூதாதையின் கட்டளைப்படி வீடு கட்டாமலும், விதைக்காமலும், திராட்சைத் தோட்டம் நாட்டாமலும், வாழ்நாள் முழுவதும் கூடாரங்களில் வாழ்ந்தனர். அவர்களுடைய உறுதியைத் தீர்க்கதரிசி பாராட்டுகிறார். ஆனால் பின்வந்த சட்டம் அவர்கள் வழியை எல்லோருக்கும் விதிக்கவில்லை. கூடாரம் செய்வதைத் தொழிலாகக் கொண்டிருந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறும் பவுல், உடலையே அழியும் கூடாரமாகக் கண்டார். திருக்குறளின் நிலையாமை அதிகாரமும் உடலை ‘துச்சில்’, அதாவது ஒதுக்கிடம் என்ற சொல்லாலும், உயிர் புகுந்து நிலைபெறும் வீட்டைப் ‘புக்கில்’ என்ற சொல்லாலும் சுட்டுகிறது. இவ்விரு நோக்கிலும் ஒதுக்கிடம் உயிருக்கு வாய்த்த நிலை. அதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. சுக்காவின் சட்டமோ உடலைப் பழிக்காமல், அவ்வுடலையும், அது உண்ணும் மேசையையும், அது விரும்பும் நல்ல பாத்திரத்தையும் சேர்த்தே துச்சிலுக்குள் குடிபெயர்க்கிறது. நிலையாமை குறித்த சிந்தனை பெரும்பாலும் துறவை நோக்கியே சாய்ந்துவிடும் உலகில், இல்லறத்தை விடாமலே அதைச் சிந்திக்க வழி காட்டியது இம்மரபின் அரிய பேறு.

வனாந்தரத்தில் முன்னோர் தங்கியவை எவை என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. தல்மூதின்படி ரபி எலியேசர் அவற்றை இறைவன் சூழ்ந்து காத்த மகிமையின் மேகங்கள் என்றார்; ரபி அகிவா அவை உண்மையான குடில்களே என்றார். மேகத்தை நினைத்து அமர்பவர் பாதுகாப்பை நினைவுகூர்கிறார். குடிலை நினைத்து அமர்பவர் பாதுகாப்பின்மையை. அமர்வது ஒரே தழைக்கூரையின் கீழ்தான். ஏழாம் நாள் உணவு முடிந்தவுடன் குடிலைக் கலைத்துவிடலாமா என்ற கேள்விக்கு மிஷ்னா கூடாது என்கிறது: பிற்பகல் முதல், அடுத்து வரும் திருநாளின் மதிப்புக் கருதிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வீட்டுக்கு இறக்கிக் கொண்டுபோகலாம், குடில் மாலை வரையில் அப்படியே நிற்கும்.