குஞ்சு காக்கும் விரால்: உண்ணும் உரிமையும் கொல்லும் முறையும்

கிழக்கிலங்கைக் கரையோரத்திலே, கடலிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே, பரந்த வயல்வெளியின் விளிம்பில் அமைந்துள்ளது சம்மாந்துறை. கல்முனையிலும் காரைதீவிலும் நிந்தவூரிலும் விடியற்காலையில் கரைக்கு வரும் கடல்மீன் வெயில் ஏறுவதற்குள் இவ்வூர்ச் சந்தையை அடைந்துவிடும். கடல்மீனுக்குக் குறைவில்லாத இத்தகைய ஊரிலே நன்னீர் மீனை நாடுவதற்குத் தேவை எதுவும் இருப்பதாகத் தோன்றாது. ஆயினும் நீர் நிறைந்த கலத்தில் உயிருடன் நெளியும் விராலுக்கு இங்கு எப்பொழுதும் தனி மதிப்புண்டு. சாம்பலிட்டுத் தேய்த்து வழுவழுப்பு நீக்கி, துண்டு போட்டு, தேங்காய்ப்பாலும் புளியும் கூட்டிக் காய்ச்சிய விரால் ஆணத்தின் சுவையைக் கடல்மீன் எதுவும் தருவதில்லை என்பது அதனை விரும்புவோரின் துணிபு. நோயினின்று தேறுபவருக்கு அது நல்லுணவு என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்துள்ளது. இந்நம்பிக்கை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. மலேசியாவில் ‘ஹருவான்’ எனப்படும் இதே மீனைச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோருக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் ஊட்டுவது வழக்கம்.

விரால் இந்நிலத்தின் பழங்குடி. 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்து, அதன் நீர் வாய்க்கால்கள் வழியே வயல்களை அடைவதற்கு நெடுங்காலம் முன்னரே, இங்குள்ள குளங்களிலும் வில்லுகளிலும் அது வாழ்ந்து வந்தது. காற்றைச் சுவாசிக்க வல்லதாகையால், நீர் வற்றிய கோடையிலும் சேற்றுக்குள் புதைந்து உயிர் தாங்கும்; மழை பெய்ததும் வெளிப்பட்டு வயலுக்குள் ஏறும்.

இம்மீனைப் பிடிக்கும் முறைகள் பல. வற்றும் நீரிற் கரப்புக் குத்துவோர் உளர். வலை கட்டுவோர் உளர். தவளையை இரையாகக் கோத்துத் தூண்டிலிடுவோரும் உளர். இவற்றினும் வேறான ஒரு முறையும் உண்டு. விரால் வாழும் ஆசிய நாடுகள் பலவற்றிலும் அது அறியப்பட்டதே. மழைக்காலத்தில் ஆழமற்ற நீரிலே, புல்லும் கொடியும் செறிந்த இடத்தில், ஆணும் பெண்ணும் செடிகளை விலக்கி ஒரு சிறு வெளியை அமைக்கின்றன. அங்கு இடப்படும் முட்டைகள் நீரின் மேலே மிதந்து, சில நாட்களுள் பொரிக்கின்றன. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் திரண்டு, நீர் கொதிப்பது போன்ற தோற்றத்துடன் மேற்பரப்பிலே திரியும். அவற்றுக்குக் கீழே பெற்ற மீன் காவலாக உலவும். இக்காவல் சில வாரங்கள் நீடிக்கும். பிடிப்பவர் இச்செந்நிறக் கூட்டத்தைக் கண்டதும், தூண்டிலின் இரையை அதன் நடுவே இடுகின்றார். பசி இல்லாதபோதும் காவல் மீன் அதன்மேற் பாய்கின்றது. அது உண்ணப் பாய்வதன்று; தன் குஞ்சுகளுக்கு வந்த பகையென்று கருதித் தாக்குவது. அத்தாக்குதலே அதன் முடிவாகின்றது. காவல் இழந்த குஞ்சுகளைப் பிற மீன்களும் கொக்குகளும் எளிதில் இரையாக்கிக்கொள்கின்றன.

இவ்வாறு பிடிப்பது தகுமா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

இவ்வினாவை மீன் உண்ணலாமா என்ற வினாவோடு மயங்கவிடலாகாது. உயிர்க்கொலை எவ்வகையிலும் கூடாதென்பார்க்கு விடை எளிது. திருவள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தார். அவ்விரண்டும் இல்லறவியலில் இடம்பெறாது துறவறவியலில் அமைந்தமை பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டெனினும், அறத்தின் உச்சி எதுவென்பதில் அவருக்கு ஐயமிருந்ததாகக் கூறமுடியாது. ஆனால் உலகத்தாரிற் பெரும்பாலோர் உண்பவரே. சம்மாந்துறை முஸ்லிம்களின் மார்க்கமும் நீர்வாழ் உயிரின் வேட்டையை ஆகுமாக்கியுள்ளது. அல் மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் அதற்கு ஆதாரம். ஆகவே உண்ணும் உரிமையை ஒப்புக்கொண்டவரிடத்தே தான் இவ்வினா உண்மையான கனம் பெறுகின்றது. உண்ணலாம் என்று அனுமதி பெற்றவருக்கு, எப்போது, எவ்வாறு கொல்வது என்பதில் எல்லை ஏதும் உண்டா?

ஆடு மாடுகளைப் பொறுத்தவரை இதற்கு விடை தெளிவாகவே உள்ளது. கத்தியைக் கூர்மையாக்குக, அறுக்கப்படும் பிராணிக்கு இயன்றவரை வேதனையைக் குறைக்குக என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையென ஸஹீஹ் முஸ்லிம் பதிவுசெய்துள்ளது. மீனுக்கோ அறுப்பு விதிக்கப்படவில்லை. இதனால், அறுக்க வேண்டாத உயிருக்கு இரங்கவும் வேண்டாம் என்ற எண்ணம் பலருள்ளத்தில் அவர் அறியாமலே இடம்பிடித்துவிடுகின்றது. ஒரு சலுகை வழங்கப்பட்டமை ஒரு கடமை நீக்கப்பட்டமைக்குச் சான்றாகாது. எல்லாவற்றிலும் ‘இஹ்ஸான்’ எனும் நன்னெறி விதியாக்கப்பட்டுள்ளது என்பதே அப்போதனையின் முதற்கூறு. கத்தி பற்றிய கட்டளை அப்பொதுவிதியின் ஓர் உதாரணமேயன்றி அதன் முடிவன்று.

குஞ்சுகளைக் காக்கும் உயிர் பற்றிய சிந்தனை பல மரபுகளில் ஒரே வகையாக எழுந்திருப்பது மனங்கொளத்தக்கது. பயணமொன்றின்போது தோழர் சிலர் பறவைக் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடம் மீட்டுக் கொடுக்குமாறு பணித்த செய்தி அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. யூதருடைய வேதத்தின் உபாகமம் 22ஆம் அதிகாரம், கூட்டிலே தாயையும் குஞ்சுகளையும் சேர்த்துப் பிடிப்பதைத் தடுத்து, தாயைப் போகவிடுமாறு கட்டளையிடுகின்றது. சீனத்து ஞானி கொன்பியூசியஸ் தூண்டிலிட்டாரேனும் வலை வீசியதில்லையென்றும், பறவைகளை எய்தாரேனும் தங்கலில் அடைந்தவற்றை எய்ததில்லையென்றும் அவருடைய மாணாக்கர் மரபு கூறும். மகாபாரதத்தின் ஆதிபருவத்திலே, மான் வடிவிற் தன் துணையோடு கூடியிருந்த கிந்தமர் எனும் முனிவரைப் பாண்டு அம்பெய்து வீழ்த்துகின்றான். அரசர்க்கு வேட்டை உரியதென்று அவன் வாதிடுகின்றான். வேட்டையை முனிவர் குறைகூறவில்லை. அந்த வேளை கடக்கும்வரை காத்திராமையே அவன் செய்த குற்றமென்கிறார்.

இந்நால்வகைச் செய்திகளிலும் ஊன் உணவு விலக்கப்படவில்லை. வேட்டையாடும் உரிமையை ஏற்றுக்கொண்டோரே அவ்வுரிமைக்கு ஓர் எல்லை வகுக்கின்றனர். ஓருயிர் தன்னை மறந்து பிறிதோருயிருக்காக நிற்கும் வேளையில் அதன்மேற் கைவைத்தல் இழிவு என்ற உணர்வே இவற்றின் உட்பொருள்.

இதற்கு மறுப்புகள் இல்லாமலில்லை. முதலாவது மறுப்பு விஞ்ஞானத்தின் பெயரால் வருவது. மீனுக்குப் பாசம் ஏது? அது வெறும் இயல்பூக்கம். மனிதன் தன் உணர்ச்சியை மீனின்மேல் ஏற்றிப் பார்க்கிறான் என்பர். விலங்கு பொறியை ஒத்தது என்று டேக்காட் கருதிய காலத்திலிருந்து இவ்வாதம் தொடர்கின்றது. 1789இல் ஜெரமி பெந்தம், விலங்குகளால் சிந்திக்க முடியுமா என்பதைவிட அவற்றால் துன்புற முடியுமா என்பதே கேட்கவேண்டிய கேள்வியென மறுமொழி கூறினார். 2003இல் பிரித்தானிய ஆய்வாளர் லின் ஸ்னெடனும் அவர்தம் சகாக்களும் ட்ரவுட் மீனின் தலைப்பகுதியில் நோவுணர்த்தும் நரம்பு முனைகள் உள்ளமையை வெளியிட்டனர். அதனை மீன் ‘உணர்கிறதா’ என்பது பற்றி அறிஞர் இன்றும் ஒருமித்தாரல்லர். எனினும் இங்குள்ள வினா அவ்விவாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. மீனின் உள்ளத்தில் நிகழ்வது எதுவாயினும், பிடிப்பவரின் உள்ளத்தில் நிகழ்வது தெளிவானது. இம்மீன் தன் குஞ்சுகளை விட்டு ஓடாது என்பதை அவர் அறிவார். அதை நம்பியே இரையை இடுகின்றார். பாசமென்று ஒன்றில்லை என நாவினால் மறுப்பவர் அதன் பயனைக் கையினால் அறுவடை செய்கின்றார். இம்முரண்பாட்டை எந்த விஞ்ஞானமும் தீர்த்துவைக்காது.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது. 1952இல் கிழக்காபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்கள்தோறும் பெருகிய திலாப்பியாவும் தன் குஞ்சுகளைக் காப்பதே. பெண்மீன் முட்டைகளை வாய்க்குள் அடக்கிப் பொரிக்கச்செய்து, குஞ்சுகளுக்கும் வாயையே புகலிடமாக்குகின்றது. வலையில் அகப்படும் திலாப்பியாக்களுள் வாயிற் குஞ்சுடையனவும் இருக்கவே செய்யும். அதனை ஏற்று உண்பவர் விராலுக்காக மட்டும் இரங்குவது போலித்தனமன்றோ என்பர். இங்கு ஒரு வேறுபாட்டை நுணுகி நோக்க வேண்டும். வலை வீசுபவர் எல்லா மீனையும் நோக்கி வீசுகிறார். குஞ்சுடைய மீன் அகப்படுவது அவர் செயலின் உடன்விளைவு. குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தூண்டிலிடுபவருக்கோ அக்காவலே கருவி. குஞ்சுகளை விட்டு மீன் விலகிச் சென்றுவிட்டால் முன்னவரின் வேலை கெடாது. பின்னவரின் வேலை கெட்டுவிடும். ஒரு தீங்கு ஒரு செயலின் விளைவாக நேர்வதற்கும், பிறிதொன்றின் நற்பண்பையே அதன் அழிவுக்குக் கருவியாக்குவதற்கும் இடையே அறநூலார் நெடுங்காலமாக வேறுபாடு கண்டுள்ளனர். இதனால் வலை வீசுபவரின் பொறுப்பு முற்றாக நீங்கிவிடாது. கண் சிறுத்த வலையைத் தவிர்ப்பதும், இனப்பெருக்க காலத்திற் குளத்துக்கு ஓய்வளிப்பதும் அவர்க்குரிய கடமைகள். ஆயின் இருவர் செயலும் ஒன்றென்று கூறமுடியாது.

மூன்றாவது மறுப்பு வறுமையின் குரல். மாரிகாலத்தில் வயல்வேலை தடைப்பட்டு, அடுப்பெரியாத வீட்டிலிருந்து தூண்டிலுடன் புறப்பட்டவனிடம், காத்திரு என்று சொல்லும் தகுதி வயிறு நிறைந்தவனுக்கு உண்டா? இல்லையென்றே கூறவேண்டும். பசி பல குற்றங்களைப் பொறுக்கத்தக்கனவாக்கும். ஆனால் பொறுக்கத்தக்கது என்பதும் சரியானது என்பதும் ஒன்றல்ல. மேலும், அவ்விரால் பெரும்பாலும் பிடித்தவனின் அடுப்புக்குப் போவதில்லை. அதன் விலை கூடுதலாகையால் சந்தைக்கே வருகின்றது. அதை வாங்கும் உத்தியோகத்தரோ ஆசிரியரோ வியாபாரியோ பசியால் உந்தப்பட்டவரல்லர். கலத்தில் நெளியும் மீன் எவ்வாறு பிடிபட்டதென்பதை அதன் உடல் சொல்லாது, வாங்குபவரும் கேட்பதில்லை. ஏழையின் தேவையைச் சாட்டாகக் கொண்டு, வசதியுள்ளவரின் நாவிருப்பம் மறைந்துகொள்கின்றது. எனவே இவ்வறத்தின் சுமை தூண்டில் பிடித்தவன்மேல் மட்டுமன்றி, பெருமளவுக்கு விலை கொடுத்தவர்மேலும் வீழ்கின்றது.

அவ்வாறாயின் இத்தொழிலிலிருந்தே விலகிக்கொள்வது தூயதன்றோ என வினவலாம். இவ்வினாவை இலங்கை அரசே ஒருமுறை செயலளவிற் சோதித்தது. 1990இல் நன்னீர் மீன்பிடிக்கும் மீன்வளர்ப்புக்கும் வழங்கிவந்த ஆதரவை அரசு நிறுத்திக்கொண்டது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற சமய நோக்கு அதன் பின்னணியில் இருந்தது. அந்நோக்கு மதிக்கத்தக்கதே. ஆனால் மீன்பிடி நின்றுவிடவில்லை. குளங்களில் மீன்குஞ்சு இடுவதும் மேற்பார்வையும் தடைப்பட்டன. சிறுகண் வலைகள் பெருகின. 1994இல் ஆதரவு மீண்டும் வழங்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் நீருயிரினச் செய்கை அபிவிருத்திக்கென ஓர் அதிகாரசபையும் நிறுவப்பட்டது. கொலையிலிருந்து கைகழுவுதல் கொலையைக் குறைப்பதாகாது. சில வேளைகளில் அதன் அளவையும் முறையையும் கவனிப்பாரற்று விடுவதாகவே முடியும் என்பதை அந்நான்கு ஆண்டுகள் காட்டின.

ஆகவே, உண்பவர்க்குரிய அறம் உண்ணாதார் அறத்தினின்று வேறானது, அதனினும் எளிதானதன்று. உண்ணாதவர் ஒருமுறை முடிவெடுத்தால் போதும். உண்பவரோ ஒவ்வொரு முறையும் எது, எப்போது, எவ்வாறு என்று முடிவெடுத்தாகவேண்டும். ஆகுமான ஒன்றைச் செய்வதாலேயே அது நன்றாகச் செய்யப்பட்டதாகிவிடாது. அனுமதி வாயிலைத் திறந்துவிடுகின்றது. உள்ளே எவ்வாறு நடப்பதென்பதை நடப்பவரே கற்றுக்கொள்ளவேண்டும்.

இதற்காக விராலை விலக்கவேண்டியதில்லை. அதன் சுவையை மறுக்கவேண்டியதுமில்லை. வேண்டப்படுவது சில வாரங்களின் பொறுமையே. செந்நிறக் குஞ்சுகள் நிறம் மாறிக் கூட்டம் கலைந்து, ஒவ்வொன்றும் தனக்குரிய நீரைத் தேடிப் போகும் காலம் தொலைவிலில்லை. அதன்பின் அதே வாய்க்காலில், அதே தூண்டிலுக்கு, அதே மீன் பசியினால் வரும். பசித்து வரும் மீனைப் பசித்த மனிதன் பிடிப்பதிலே ஒரு நேர்மை இருக்கின்றது. அந்நேர்மைக்காகச் சில வாரங்கள் காத்திருக்க முடியாத கை, உண்ணும் உரிமையைப் பெற்ற கையாயினும், அவ்வுரிமைக்குத் தகுதி பெற்ற கையன்று.