கொட்டாத குளவி

அரிசோனா பாலைவனத்தில் பெப்சிஸ் என்றொரு குளவி இருக்கிறது. கருநீல உடம்பு, துரு நிற இறக்கைகள். பெண் குளவி டரான்டுலா சிலந்தியைக் கொட்டிச் செயலிழக்க வைத்து, குழிக்குள் இழுத்துப்போய் ஒரே ஒரு முட்டை இடும். அதிலிருந்து வரும் புழு சிலந்தியை உயிரோடு தின்று வளரும். மனுஷனைக் கொட்டினால் வலி சில நிமிஷங்கள்தான். ஆனால் பூச்சிக் கொட்டுகளின் வலிக்கு அட்டவணை போட்ட ஜஸ்டின் ஷ்மிட், அதற்கு உச்ச எண்ணான 4-ஐக் கொடுத்தார்.

அதே பக்கத்தில் மைடாஸ் ஈ ஒன்றும் அதே நிறங்களோடு திரிகிறது. நான்கு இறக்கைக்குப் பதில் இரண்டு. கொடுக்கு கிடையாது. அமேசானில் 11 வருஷம் பூச்சி சேகரித்த ஹென்றி பேட்ஸ், 1862-இல் பட்டாம்பூச்சிகளை வைத்து இந்த மாதிரி வேஷத்தை விளக்கினார்.

ஈ பொய் சொல்கிறதா? பொய்க்கு, அது பொய் என்று தெரிந்த ஓர் ஆள் வேண்டும். ஈக்கு எதுவும் தெரியாது. குளவி ஜாடை இல்லாத அதன் முன்னோர்கள் கொஞ்சம் அதிகமாகத் தின்னப்பட்டார்கள், அவ்வளவுதான். பொய்யன் இல்லாத பொய். ஆனால் பறவை ஏமாந்தது நிஜம்.

என்னைக் குழப்புவது ஈ இல்லை, ஆண் குளவி. முட்டையிடும் உறுப்பு மாறி வந்ததுதான் கொடுக்கு என்பதால் ஆணுக்கு அது இல்லை. அவனும் பெண்ணின் பெயரில்தான் பிழைக்கிறான். பறவைக்கு இரண்டும் ஒண்ணுதான். ஆனால் நாம் ஈயைப் போலி என்கிறோம், அவனைச் சொல்வதில்லை. வம்சம் சரியாக இருக்கிறதே!

நான் மென்பொருள் வேலைக்கு இன்டர்வியூ எடுப்பவன். போலி அனுபவச் சான்றிதழோடு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய கல்லூரியின் அசல் பட்டத்தோடு வந்து, ஒரு லூப் எழுதத் தடுமாறியவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் ஆளை வெளியே அனுப்புகிறோம். இரண்டாவது ஆளுக்குச் சிலசமயம் சம்பளம் கூட்டிப் பேசுகிறோம்.

அதற்காகப் போலிச் சான்றிதழை நியாயப்படுத்த மாட்டேன். ஈயைப் போல அவர் அறியாதவர் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஈக்கள் பெருகிவிட்டால், குஞ்சுப் பறவை முதலில் கொத்துவது ஈயாகவே இருக்கும். ஆரஞ்சு என்றால் நல்ல தீனி என்று கற்றுக்கொள்ளும். பிறகு கொத்து வாங்குவது அசல் குளவி. அது திருப்பிக் கொட்டும்தான், ஆனால் ஒரு இறக்கை கிழிந்த பிறகு.

எங்கள் மேஜையில் அந்தக் கொத்து, பெயர் தெரியாத சின்னக் கம்பெனியில் நிஜமாகவே மூன்று வருஷம் உழைத்தவருக்கு விழுகிறது. இப்போதெல்லாம் அவர் கேட்பதற்கு முன்பே சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஃபைலில் போட்டு எடுத்து வருகிறார்.