விரைவில் முடிப்பதே மேன்மையா?



மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பை உங்கள் மகனோ மகளோ இரண்டரை ஆண்டில் முடித்துவிட்டு வந்து நின்றால் உங்கள் மனம் பெருமை கொள்ளும்; அதில் சந்தேகமில்லை. அண்டை வீட்டாரிடம் சொல்லவும் நாவு துடிக்கும். ஆயினும் அதற்கு முன்பாக ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நலம்: மிச்சமான அந்த ஆறு மாதம் யாருக்காக மிச்சமாயிற்று?

இது வெறுங் கற்பனையன்று. 2024-ம் ஆண்டின் இறுதியில் நமது நாட்டின் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கு வழி திறந்தது. மூன்றாண்டுப் படிப்பை ஐந்து செமஸ்டர்களிலும், நான்காண்டுப் படிப்பை ஆறு அல்லது ஏழு செமஸ்டர்களிலும் முடிக்கலாம் என்றது. கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும் சலுகையன்று இது. இம்முறையை ஏற்று நடத்தும் கல்லூரியில், முதல் செமஸ்டரோ இரண்டாவதோ முடிந்தபின், ஒரு குழு மாணவரின் திறமையைப் பரிசீலிக்கும்; அனுமதிக்கப்பட்ட இடங்களில் நூற்றுக்கு 10 பேர் வரையில் தேர்ந்தெடுக்கும்.

இதில் காலம் குறைகிறதேயொழியப் பாடம் குறைவதில்லை. மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஆறு செமஸ்டரில் முடிப்பவருக்கு ஒவ்வொன்றிலும் 20. ஐந்தில் முடிப்பவருக்குச் சராசரியாக 24. கூடுதலான அந்த 4 கிரெடிட், வாரத்துக்கு ஏறக்குறைய 4 மணி நேர வகுப்பாகும். வீட்டில் படிப்பது வேறு. அந்த நேரம் ஆகாயத்திலிருந்து விழாது. உறக்கத்திலிருந்தோ, விளையாட்டிலிருந்தோ, நோயுற்ற பாட்டியின் அருகே அமரும் மாலைப் பொழுதிலிருந்தோ எடுத்துத்தான் ஆகவேண்டும்.

அப்படியானால் விரைந்து முடிப்பது தவறா என்று கேட்பீர்கள். ஒருபோதும் இல்லை. கடன் வாங்கி விடுதிக் கட்டணம் செலுத்தும் வீடுகள் எத்தனை! மூத்த மகள் ஆறு மாதம் முன்னதாகச் சம்பாதிக்கத் தொடங்கினால், தம்பியின் கல்லூரிச் சேர்க்கைக்கு வழி பிறக்கும். அவள் இரவில் கண் விழித்துப் படித்தால், அந்த உழைப்பில் குடும்பத்தின் மீதுள்ள அன்பு இருக்கிறது. பணக் கஷ்டம் இல்லாத வீட்டிலும், பாடம் எளிதாக வரும் பிள்ளையை வீணே காத்திருக்கச் செய்வது நியாயமாகாது. அறிவின் பசியுள்ளவனுக்கு மேற்படிப்பின் வாசலைச் சற்று முன்னதாகத் திறந்துவிடுவது நன்மையே.

தவறு எங்கே நுழைகிறதென்றால், வேகமே புகழுக்குரிய பொருளாகும்போது. அமெரிக்கக் கணித மேதை நார்பர்ட் வீனர் 1909-ல், தம் 14-ம் வயதில், டஃப்ட்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1913-ல், 18-ம் வயதில், ஹார்வர்டில் டாக்டர் பட்டமும் பெற்றார். அவருடைய தந்தையோ, தம் மகன் சாதாரணப் பிள்ளைதான், தமது பயிற்சியே அவனை இவ்வாறு ஆக்கியது என்ற கருத்தைப் பத்திரிகை வாயிலாக வெளியிட்டார். அதைப் படித்த மகனின் உள்ளம் புண்பட்டது. வெற்றி தந்தையினுடையது, தோல்வி மட்டும் தன்னுடையது என்ற எண்ணம் அவரை நெடுங்காலம் வாட்டியது. 1953-ல் வெளிவந்த தம் சுயசரிதையில் அவரே இதைக் கூறியிருக்கிறார். உலகம் போற்றிய அறிஞர் அவர். அவருக்கே அப்படியென்றால், நம் வீட்டுப் பிள்ளைகள் எம்மாத்திரம்? பிள்ளையின் பட்டத்தைப் பெற்றோர் தங்கள் மார்பில் குத்திக்கொள்ளும் பதக்கமாக்கலாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே மானியக் குழு, மெதுவாகப் படிப்போர்க்கும் இரண்டு செமஸ்டர் வரையில் கூடுதல் காலம் அளிக்கிறது. முன்னதாக முடித்தவரின் பட்டத்திலும், தாமதமாக முடித்தவரின் பட்டத்திலும் அந்தக் கால அளவு பற்றிய குறிப்பு இருக்கும். வேலைக்கு இரண்டும் வழக்கமான பட்டத்துக்குச் சமமே. சட்டம் இருவரையும் ஒரே பலகையில் உட்கார வைத்திருக்க, வீட்டிலுள்ள நாம் ஏன் ஒருவனுக்கு நாற்காலியும் மற்றவனுக்குத் தரையும் போடவேண்டும்? "உன் அண்ணனைப் பார்!" என்ற ஒரு வார்த்தை, சுகவீனத்தாலோ குடும்பப் பாரத்தாலோ பின்தங்கிய தம்பியின் நெஞ்சில் எத்தனை ஆண்டு தங்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகையால், பிள்ளை விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். இது உன் விருப்பமா, எங்கள் ஆசையா? இந்தச் சுமையை உன் உடல் தாங்குமா? மிச்சமாகும் காலத்தை எதற்குப் பயன்படுத்துவாய்? இம்மூன்றுக்கும் அவன் தயங்காமல் பதில் சொன்னால், தடை சொல்லாமல் உற்சாகப்படுத்துங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அவசரம் வேண்டாம். வழக்கமான மூன்றாண்டு நல்ல காலமே. நூலகம், ஆய்வுக்கூடம், உயிர்த் தோழர்கள், ஆசிரியரோடு நின்று பேசும் வாய்ப்பு ஆகியவை கிரெடிட்டில் சேராமல் அவன் வாழ்க்கையில் சேர்பவை.

முன்னதாக முடித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அவனிடம் இன்றே ஒரு வேலை சொல்லுங்கள்: வாரத்தில் ஒரு மாலை, பாடம் புரியாமல் தவிக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். தனக்குக் கிடைத்த காலத்தில் ஒரு பங்கைக் காலம் போதாதவனுக்குக் கொடுக்கட்டும்.